களப்பயிற்சியும் இளையோரும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றைப் பேசும்போது மேடையேறிய நாடகங்களையும் அவற்றின் நெறியாளர்களையுமே நாம் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். மேடைக்கு முன்னால் நடந்த களப்பயிற்சிகளைப் பற்றிய பேச்சுக் குறைவு. ஆனால் இளையோரிடத்து மாற்றத்தை உண்டாக்கியதில் களப்பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு.

பழைய ஒத்திகைகளில் நடிகன் வசனத்தைப் பாடமாக்கினான். அண்ணாவியாரோ பழக்குநரோ காட்டியபடி ஆடினான். பிழைத்தால் ஏச்சு வாங்கினான். அம்முறை அரிய கலைஞர்களைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே இளையவன் சொற்கேட்டு நடப்பவனாகவே இருந்தான்.

கலையரசு சொர்ணலிங்கத்தைக் குருவாகக் கொண்டு நடிக்கத் தொடங்கியவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். நாடகத்துக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது.

களப்பயிற்சியில் யாவரும் வட்டமாக நிற்பர். வட்டத்தில் முதலிடமும் இல்லை, கடைசியிடமும் இல்லை. ஒருவர் அசைய மற்றவர் கண்ணாடிபோல அசைவார். பின்னர் இருவரும் இடம் மாறுவர். வழிநடத்தவும் பின்பற்றவும் ஒருவரே பழகிக்கொள்கிறார். தரப்பட்ட ஒரு சூழலுக்கு, எழுதிய வசனமின்றித் தாமே பேச்சையும் செயலையும் கண்டுபிடிக்கிறார். பெரியோர் முன் வாய் திறவாத பிள்ளைக்கு இது சிறிய காரியமன்று.

சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் அதனை ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். போர் இளையோரைச் சூழ்ந்திருந்த காலம் அது. ஊரைவிட்டுப் போவதா, ஆயுதம் ஏந்துவதா, மௌனமாயிருப்பதா என்று தவித்த தலைமுறை, தன் மக்களின் துயரை மக்கள் முன்னிலையிலேயே பேசியது. நாடகம் போரை நிறுத்திவிடவில்லை. ஆயினும், பேச்சே அடங்கிவந்த நாட்களில் பேசும் துணிவைக் காத்தது.

இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடம் என்பதை நேயர்கள் அறிவர். அது பெறுமதியான பேறே. ஆனால், நாடக அரங்கக் கல்லூரி தோன்றிய ஆண்டைப் பாடமாக்கிப் புள்ளி பெறும் மாணவன் ஒருநாளாவது அந்த வட்டத்தில் நின்றதுண்டா? நில்லாதவன் அறிந்தது வெறும் ஆண்டை மட்டுமே. அந்த ஆண்டில் தொடங்கியது அவனை வந்தடையவில்லை.