முத்துப் பாரின் கணக்கு

மன்னார் வளைகுடாவில், மணலடிக்கு நடுவே மேடிட்டுக் கிடக்கும் பாறைத் தளங்களைக் கரையோர மக்கள் பார் என்பார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். தூத்துக்குடிக் கரைக்கு எதிரே சில பார்கள். இலங்கையின் மன்னார்க் கரைக்கு அப்பால் செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் முதலியவை. கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாக, சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பங்குக் கணக்கையும் குறித்து வைத்தார்: அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்ட இந்த மந்திரக்காரர் இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மாட்டார்கள் என்பதால், ஆங்கில அரசும் அவரை விடாமல் வைத்திருந்தது.

பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறினாலும் ஒன்று மாறவில்லை. பார் ஒருபோதும் யார் வேண்டுமானாலும் இறங்கும் கடலாக இருந்ததில்லை. மீன்வளம் ஏன் அழிகிறது என்பதற்குப் பொருளியல் விளக்கத்தை 1954இல் எழுதியவர் கனடாவின் ஸ்காட் கார்டன். கடல் எல்லோருக்கும் திறந்திருந்தால், லாபம் முற்றிலும் கரையும்வரை படகுகள் கூடிக்கொண்டே போகும். இன்று விட்டுவைத்த மீனை நாளை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்பதால் யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள் என்றார் அவர். ஒற்றை உரிமையாளர் இருந்தால் பொறுக்க முடியும் என்பது அதன் மறுபக்கம். முத்துப் பார் அந்த மறுபக்கத்தைப் பல நூற்றாண்டு நடத்திப் பார்த்த இடம்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. சிப்பியில் விலைபோகும் முத்து விளைய ஏறக்குறைய நான்கைந்து ஆண்டு ஆகும். அதற்கு முன் எடுத்தால் நஷ்டம். மேலும் இரண்டு மூன்று ஆண்டு விட்டால் சிப்பி மூப்படைந்து தானே செத்துப்போகும். ஆகவே அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை மதிப்பிட வைப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை தேறினால்தான் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் அந்த ஆண்டு கடல் மூடியே இருக்கும்.

அறிவித்த ஆண்டில், இலங்கையின் ஆளில்லாத மரிச்சுக்கட்டி மணற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும்பும். காலில் கல்லைக் கோத்து, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க, குளியாளி அடிமட்டத்துக்கு இறங்குவார். மூச்சடக்கும் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டியதை வாரிக் கூடையில் போட்டுவிட்டு மேலேற வேண்டும். கரைக்கு வந்ததும் சிப்பி முழுவதும் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் போகும். ஒவ்வொரு படகின் சிப்பியையும் குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டிக்காட்டுவார். மிச்சம் ஒன்று குளியாளிகளுக்கு. ஒரு குவியலைச் சிறிதாக்கினால் அதுவே தங்கள் பங்காக வரக்கூடும் என்பதால், மூன்றும் சமமாகவே விழும். காவலும் தராசும் செய்ய முடியாத வேலையை அந்த ஒரு விதி செய்தது. உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒன்றுதானா என்ற கேள்வியை மட்டும் அது தொடவில்லை. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

இவ்வளவு கணக்கும் இருந்தும் பார்கள் அடிக்கடி வெறுமையாகின. இலங்கைப் பக்கம் 1768 முதல் 1796 வரை குளிப்பே இல்லை; டச்சுக்காரருக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் இருந்த உரிமைத் தகராறு அதற்கு ஒரு காரணம். அந்த நீண்ட ஓய்வுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1796, 1797, 1798 என மூன்று ஆண்டு விடாமல் குளிக்கவைத்துப் பெரும் வருவாய் கண்டார்கள். பிறகு பலன் சரிந்தது. 1838 முதல் 1854 வரை மறுபடியும் வறட்சி. அளவுக்கு மீறி எடுத்ததே காரணம் என்று பழி சொல்லப்பட்டது. ஆனால் கடலின் பங்கும் பெரிது. 1902இல் ஆராய வந்த வில்லியம் ஹெர்ட்மன், பெரிய பாரில் கோடிக்கணக்கில் ஒட்டும் குஞ்சுச் சிப்பிகள் வளருமுன்பே மறைந்துபோவதைக் கவனித்தார். ஆழ்கடலின் விளிம்பில் இருக்கும் அந்தப் பாரில் அவை நிலைக்காது, அள்ளிச் சென்று செவல் பார் போன்ற பாதுகாப்பான இடத்தில் விட வேண்டும் என்பது அவர் யோசனை.

இலங்கையில் 1905இல் சுமார் எட்டுக் கோடிச் சிப்பி கரையேறியது. அந்தப் பெருவெற்றிக்கு மறு ஆண்டே, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை ஒரு லண்டன் நிறுவனம் எடுத்தது. பிழை அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. சிப்பி வரும் ஆண்டு, வராத ஆண்டு என்ற பேதம் குத்தகைப் பணத்துக்குக் கிடையாது. சும்மா இருக்கும் ஆண்டும் செலவு ஓடும் ஒருவரால் பாருக்கு ஓய்வு தர முடியாது. பல ஆண்டு வருவாய் இல்லாமலும் அரசு தாங்கும். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் தாங்காது. 1906, 1907 என இரண்டு ஆண்டு குளித்ததோடு சிப்பி தீர்ந்தது. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

பின்னர் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து, இயற்கை முத்தின் விலையை முறித்துப்போட்டது. இலங்கையில் 1925இல் மறுபடி குளித்தார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. அதற்குப் பின் அந்தக் கடலில் பெருங்குளிப்பு இல்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை தேறும் என்று பார்த்துத் திறந்தும் மூடியும் வந்த அதே வளைகுடாவில், விலை பாராமல் மூடிவைத்த பகுதி என்ற ஏற்பாடு அன்றுதான் தொடங்கியது.