ஓதத்தை மறித்த பொறிகள்: கொச்சிக் காயலில் மீன்பிடி அமைப்புகளின் வளர்ச்சி

கொச்சியின் மீன்பிடி வரலாற்றை யார் எழுதினாலும் சீனவலைதான் முதலில் வந்து நிற்கிறது. கோட்டைக் கொச்சிக் கரையில் வரிசையாக நிற்கும் அந்த மரச்சட்டங்களைப் படத்திலாவது பார்க்காத தமிழர் குறைவு. அங்கிருந்து சற்று உள்ளே, மட்டாஞ்சேரியை ஒட்டிய நீர்வழியிலும் வைப்பின் தீவின் உட்கரையிலும் போட்ட ஊன்றுவலைகளை எவரும் படம் எடுப்பதில்லை. நீருக்கு மேல் குற்றிகளின் முனைகள் மட்டுமே தெரியும் பொறிகள் அவை. கொச்சியின் இறால் வாணிகத்துக்கு நெடுங்காலம் சரக்குக் கொடுத்தவற்றில் அவையும் அடங்கும். சீனவலையை மட்டும் தனியே எடுத்து ஆராய்வதால் கொச்சியின் பொறிக்கலையை நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பது இக்கட்டுரையின் கருத்து. இங்கே பொறியின் வடிவத்தைத் தீர்மானித்தவை இரண்டு: ஓதம் ஓடும் போக்கு, ஓர் இடத்தில் கம்பம் நட யாருக்கு உரிமை என்ற கேள்வி. கருவி அவ்விரண்டையும் பின்தொடர்ந்து வந்தது.

நீரின் அமைப்பிலிருந்து தொடங்குவதே சரி. 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய முசிறித் துறை தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் அகன்றதாக வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி கடலோடு கலப்பது கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடைப்பட்ட இந்த வாய் வழியாகத்தான். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. காயல் பரந்தது, வாய் குறுகியது. ஆகவே அந்தச் சிறிய வேறுபாடே வலுத்த நீரோட்டமாகிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் அது மேலும் வலுக்கும். அந்த நாட்களைக் கொச்சி மீனவர் ‘தக்கம்’ என்கிறார்கள்.

இந்த நீரோட்டத்தில்தான் இறாலின் வாழ்க்கையும் நடக்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். நுண்ணிய குஞ்சுகள் ஏற்றத்தோடு காயலுக்குள் வந்து சேறும் உவர்நீரும் கலந்த ஆழமற்ற இடங்களில் சில மாதம் வளரும். பிறகு வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். தமிழகத்தில் வெள்ளை இறால் எனப்படும் நாரனும், பூவாலனும் இப்படிப் போய்வருபவை. வருவதும் போவதும் ஒரே வாய் வழியாக என்பதால், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. வழியில் காத்திருந்தால் போதும். கொச்சியின் நிலையான பொறிகள் எல்லாம் இந்த அறிவின் மேல் எழுந்தவை.

எளிய வடிவம் முடைந்த கூடைதான். மூங்கில் சிம்புகளால் செய்து, மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடையை மலையாளத்தில் ஒற்றால் என்கிறார்கள். நம் மீன்பிடித் திருவிழாக்களில் குளத்தில் இறங்குவோர் கையில் இருக்கும் ஊத்தாவும் இதுவே. மீன் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு எடுக்க வேண்டும். இதில் மனிதனின் கண்ணும் கையும் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆளில்லாமல் பிடிக்கும் பொறிக்கு இன்னொரு நுட்பம் தேவைப்பட்டது: வாயில் உள்நோக்கிச் சரிந்த குச்சிகளால் ஒரு சிறு கூம்பு. நுழையும்போது குச்சிகள் வளைந்து வழிவிடும். திரும்பும்போது கூர்முனைகள் எதிர்நிற்கும். நம் வாய்க்கால்களில் வைக்கும் பறியிலும், மன்னார் வளைகுடாவில் உடைமரக் குச்சிகளால் முடையும் கூட்டிலும் மீன் திரும்ப முடியாமல் போவது வாயின் இந்த வடிவத்தால்தான். ஆனால் வேகமாக ஓடும் பெருநீரில் கூடை நிற்காது. அங்கே வேறு வடிவம் வேண்டும்.

ஊன்றுவலையும் பாடும்

ஊன்றுவலை அந்தத் தேவைக்கு விடை. நீரோட்டத்துக்குக் குறுக்கே சேற்றில் ஆழமாக அறைந்த இரண்டு குற்றிகளுக்கு இடையில் வலையின் வாயைக் கட்டுவார்கள். வாயிலிருந்து வலை படிப்படியாகக் குறுகி, கண்கள் நெருங்கி, கடைசியில் மடியாக முடியும். வற்றம் தொடங்கியதும் வள்ளத்தில் வந்து வாயைக் கட்டினால், பாயும் நீரே வலையை நீட்டி விரித்து நிறுத்துகிறது. திரும்ப முடியாமல் இறாலைத் தடுக்கக் கூம்போ குச்சியோ இங்கே இல்லை. நீரின் தள்ளுவிசையே அந்த வேலையைச் செய்கிறது. ஓதம் தணிவதற்குள் மடியின் முடிச்சை அவிழ்த்து இறாலைக் கொட்டிவிட வேண்டும். நீர் நின்றுவிட்டால் அது பொறியே அல்ல, தொங்கும் வலை மட்டும்தான். அவ்வளவு முழுமையாக ஓதத்தை நம்பிச் செய்யப்பட்ட கருவி அது. 1961-இல் இந்திய மீன்வள ஆய்விதழில் வெளியான மேனன், ராமன் இருவரின் கட்டுரை கொச்சிக் காயலின் இறால் வளத்தை இந்த ஊன்றுவலைகளின் பிடிப்பைக் கொண்டே அளந்தது. காயலில் எந்த இறால் எப்போது எவ்வளவு என்பதை அறிய அறிவியலாளர்க்கும் இந்தப் பொறியைவிட நல்ல சாளரம் கிடைக்கவில்லை.

வடிவமைப்பில் உள்ள ஒரு சமனின்மையை இங்கே கவனிக்க வேண்டும். எல்லா வலையும் ஒரே அளவுதான் என்றாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. நடுநீரோட்டத்தில் நிற்கும் குற்றிக்கு நிறைய விழும், ஓரத்தில் நிற்பதற்குக் குறைவாக விழும். ஆகவே நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே என்றால் சண்டைதான். இதற்கு மீனவர் கண்ட தீர்வு ‘பாடு’. குலுக்கல் போட்டு இடங்களை முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். வைப்பின் தீவில் தீவர மீனவரின் சங்கங்கள் நடத்திய இந்த முறையைக் கென்டன் லோப், பிக்ரெத் பெர்க்கஸ் இருவரும் ஆராய்ந்து 2004-இல் எழுதினர். தமிழ் வாசகர்க்கு இந்தச் சொல் புதிதல்ல. பழவேற்காட்டு ஏரியில் மீனவர் தம் வலையிடங்களைப் பகிர்வதும் பாடு முறையில்தான். இலங்கையின் நீர்க்கொழும்புக் களப்பில் கட்டுதெல் எனும் ஊன்றுவலைக்காரர் இடம் பிரிப்பதும் குலுக்கலில்தான். மொழியும் மதமும் வேறான மூன்று கரைகள். மூன்றிலும் கழிவாயில் நட்ட வலை, மூன்றிலும் முறைவைப்பு. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நிலையாக நட்ட பொறி எங்கிருந்தாலும் இடப்பங்கீடு பற்றிய விதி அதன் வடிவமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பாட்டை விட்டுவிட்டு ஊன்றுவலையை விவரிப்பது பாதியை விவரிப்பதுதான்.

சீனவலை: யார் கொண்டுவந்தது?

சீனவலையின் நுட்பம் எதிர்எடையில் இருக்கிறது. நான்கு வளைந்த கழிகளில் விரித்த வலை நீர்ப்பக்கம் தொங்கும். கரைப்பக்கம் வெவ்வேறு நீளக் கயிறுகளில் பெரிய கற்கள் தொங்கும். முதன்மைக் கழியின் மேல் ஓர் ஆள் நடந்துபோனாலே சமநிலை சாய்ந்து வலை தணியும். சில நிமிடம் காத்திருந்து நான்கைந்து பேர் கயிற்றை இழுப்பார்கள். நீரை விட்டு வெளியேறும் வேளையில்தான் வலையின் சுமை மிகுதி. அப்போது கற்கள் அனைத்தும் தொங்கி உடன் இழுக்கின்றன. வலை மேலே வரவர ஒவ்வொரு கல்லாக மேடையில் அமர்ந்து எடை குறையும். இறக்கும்போது இதே வரிசை தலைகீழாக நடந்து வேகத்தை அடக்குகிறது. கயிறுகளின் நீளத்தை வேறுவேறாக வைத்ததில் அடங்கிய கணக்கு இது. எழுதி வைத்த எந்த வரைபடமும் இல்லாமல் கைமாறி வந்த இந்தக் கணக்கை நினைக்கும்போது எனக்கு மதிப்பு கூடுகிறது.

இது சீனத்திலிருந்து வந்தது என்பதில் ஐயம் குறைவு. எப்போது, யார் வழியாக என்பதே வினா. 1405 முதல் 1433 வரை நடந்த, சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்களோடு இதை இணைப்பது பொது வழக்கு. குப்ளாய் கான் காலத்துக்குக் கொண்டுபோவோரும் உண்டு. செங் ஹேயோடு வந்த மா ஹுவான் கொச்சியை விரிவாகவே எழுதினார். கரையோரம் தாழ்ந்த வீடுகளில் வாழ்ந்து மீன்பிடித்த முக்குவரைக்கூட விடவில்லை. ஆனால் இந்த வலையைப் பற்றி அவர் சொல்லவில்லை. இரண்டாவது கருத்து, மக்காவுவிலிருந்து வந்து கொச்சியில் குடியேறிய போர்த்துகீசியக் குடும்பத்தார் இதைக் கொண்டுவந்தனர் என்பது. மக்காவுவில் போர்த்துகீசியர் குடியமர்ந்தது 1557-இல். கொச்சியை டச்சுக்காரரிடம் இழந்தது 1663-இல். இக்கருத்துப்படி வலை வந்திருக்கக்கூடிய காலம் இந்த நூறு ஆண்டுகளே. வலையின் உறுப்புகளுக்குக் கொச்சியில் வழங்கும் பெயர்களில் போர்த்துகீசியச் சாயல் இருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கைபோல நீளும் கழியை ‘பிராசு’ என்கிறார்கள்.

நான் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறேன், பெயர்களை விட வேறொரு காரணத்துக்காக. வந்துபோகும் கப்பற்படை ஒரு கூடையையோ தூண்டிலையோ விட்டுச் செல்லலாம். தேக்கும் கருங்கல்லுமாகக் கரையில் நிலைத்து நிற்கும் அமைப்புக்குக் கரையின் மேல் அதிகாரம் வேண்டும், ஆண்டுதோறும் பழுதுபார்க்க அங்கேயே வாழும் குடும்பங்கள் வேண்டும். அவை போர்த்துகீசியக் கொச்சியில் இருந்தன. யார் கொண்டுவந்திருந்தாலும், கரையிலிருந்து தூக்கும் இத்தகைய வலை சீனம், வியட்நாம் மட்டுமல்லாமல் இத்தாலியின் அப்ருத்சோ கரையிலும் பிரான்சின் மேற்குக் கழிமுகங்களிலும் உண்டு. ஓதமோ நீரோட்டமோ கரையோரம் மீனைக் கொண்டுவரும் இடங்களில் மனிதர் இதே விடைக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

சட்டமும் துறைமுகமும்

1897-இன் இந்திய மீன்வளச் சட்டம், மண்ணில் ஊன்றியோ வேறுவகையில் அசையாமல் நிறுத்தியோ மீன்பிடிக்கும் வலை, கூண்டு, பொறி அனைத்தையும் ஒரே வகையாக வரையறுத்து, அவற்றைக் கட்டுப்படுத்த அரசுக்கு வழிவகுத்தது. மீனவர் பாட்டில் வைத்திருந்த உரிமையை உரிமச்சீட்டாக மாற்றும் போக்கு இங்கே தொடங்குகிறது. அன்று கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் கொச்சி. நடந்துபோகும் தொலைவில் உள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடு. ஒரே ஓதத்தில் இறங்கிய பொறிகள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. 1950-இன் திருவிதாங்கூர்–கொச்சி மீன்வளச் சட்டத்துக்குப் பின்னும் உரிமம் பெற்ற வலை, பெறாத வலை என்ற பிளவு தொடர்ந்தது.

நீரையே மாற்றியவர் ராபர்ட் பிரிஸ்டோ. 1920-இல் வந்த அந்தப் பொறியாளர் முகத்துவார மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. வாரிய மண்ணால் வெலிங்டன் தீவு எழுந்து, நீர்வழி மட்டாஞ்சேரிப் பக்கம் ஒன்றும் எர்ணாகுளப் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்தது. வாய்க்காலின் ஆழம் மாறினால் ஓட்டத்தின் வேகமும் இடமும் மாறும். தலைமுறைகளாக அறிந்த பாட்டிடங்களின் மதிப்பும் அதோடு மாறும்.

1953-இல் உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது. அதுவரை காயவைத்துப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பிய சரக்கு அது. விலை ஏறியது, குற்றிகள் பெருகின. 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் அமைந்தது; பருத்தி வலையின் இடத்தை நைலான் பிடித்தது. அழுகாத நூல் என்பதால் மெல்லிய இழையில் நெருங்கிய கண்கள் எளிதாயின. அங்கேதான் இன்றைய சிக்கல் இருக்கிறது: கடலுக்குத் திரும்பி முட்டையிட வேண்டிய இளம் இறாலே ஊன்றுவலையின் மடியில் விழுகிறது. இதற்காக மீனவரை மட்டும் குற்றஞ்சாட்டுவதை நான் ஏற்கவில்லை. அதே இறாலைக் கடலில் இழுவைப்படகு பெரிதாகப் பிடிக்கிறது. 1970-களில் எழுந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை இறால் வளரும் தென்காயலின் வாயை அடைத்துவிட்டது.

இந்தப் பொறிகளுள் ஓதத்தை முழுமையாகப் பயன்கொண்ட வடிவம், பொக்காளி எனும் உவர்நில நெல்வயலில் இறால் பிடிக்கும் செம்மீன்கெட்டு. அங்கே சூன் முதல் அக்டோபர் வரை நெல். பிறகு வயலே பொறி. ஏற்றத்தில் தூம்பைத் திறந்து, இரவில் விளக்கு வைத்து, இறால்குஞ்சை உள்ளே விடுவார்கள். பின் பலகையிட்டு அடைத்து, அறுவடைக்குப் பின் எஞ்சிய தாளடியில் வளரவிடுவார்கள். தக்கத்து வற்றத்தில் தூம்பின் வாயில் கூம்புவலை கட்டி வடிப்பார்கள். ஊன்றுவலையின் அதே மடிதான். குற்றிகளின் இடத்தில் மதகுச் சுவர் நிற்கிறது. கடமக்குடி, ஏழிக்கரை, செல்லானம் பகுதிகளில் ஏப்ரல் நடுவில் கெட்டின் காலம் முடியும். அதன் பின் வயலில் எஞ்சியதைக் கலக்கிப் பிடிக்க ஊரார் எல்லாருக்கும் உரிமை இருந்தது. நிலமில்லாத பெண்களும் கையால் தடவி மீன் சேர்த்தார்கள். ஆண்டு முழுவதும் இறால் வளர்க்கும் பண்ணைகளில் தூம்பு அந்த நாளில் திறப்பதில்லை. ஒரு நெல், ஒரு மீன் என்ற பழைய முறையைக் கட்டாயமாக்கக் கேட்கும் கடமக்குடிப் போராட்டங்களில் நெல்லோடு இந்தக் கலக்கல் உரிமையும் கோரிக்கையாக இருக்கிறது.