3.5 சி.சி-தான்... ஆனா சத்தமும் வேகமும் வேற லெவல்! ஆர்.சி பகி காருக்கு நைட்ரோ இன்ஜின் வாங்கப் போறீங்களா?

``ஏல, பொம்மை காருக்கு எதுக்குல இவ்ளோ சத்தம்?''

நைட்ரோ பகியை முதன்முதலாகப் பார்க்கிற யாரும் கேட்கிற கேள்வி இது. பொம்மைதான், ஆனால் உள்ளே இருப்பது நிஜமான டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் உண்டு. நம் ஊர் 100 சி.சி பைக் ஏறக்குறைய 8,000 ஆர்.பி.எம்-மில் முழு சக்தியைக் கொடுக்கும். உள்ளங்கையில் அடங்குகிற இந்த 3.5 சி.சி இன்ஜின் 30,000 ஆர்.பி.எம்-மைத் தாண்டிச் சுழலும்.

ஐ.ஐ.டி பாம்பேயின் `டெக்ஃபெஸ்ட்' விழாவில் `ஃபுல் த்ராட்டில்' என்ற பெயரில் இப்படிப்பட்ட கார்களுக்கென்றே பந்தயம் நடந்திருக்கிறது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இதன்மேல் ஒரு கிறுக்கு உண்டு. பிரச்னை எங்கே வருகிறதென்றால், ஆன்லைனில் படத்தைப் பார்த்து, `பவர் ஜாஸ்தி' என்பதை மட்டும் நம்பி இன்ஜினை வாங்கிவிடுகிறார்கள். ரெண்டாவது மாசமே அது ஷோகேஸில் உட்கார்ந்துவிடுகிறது. தென்காசி, குற்றாலம் மாதிரி சாரலும் ஈரமும் செம்மண் தூசியும் சேர்ந்த ஊரில் ஓட்டப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன் இவற்றையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வண்டி, அப்புறம்தான் இன்ஜின்

நைட்ரோ இன்ஜின்களின் அளவை க்யூபிக் இன்ச்சில் சொல்வது வழக்கம். ஒரு க்யூபிக் இன்ச் என்பது 16.4 சி.சி. அந்தக் கணக்கில்:

* .12 - சுமார் 2 சி.சி. 1/10 அளவு கார்களுக்கு.
* .21 - சுமார் 3.5 சி.சி. 1/8 பந்தய பகிக்கு இதுதான் சரியான ஜோடி.
* .28 - சுமார் 4.6 சி.சி. பெரிய டயர் மான்ஸ்டர் டிரக்குகளுக்கு.

`பெருசா போட்டா இன்னும் வேகமா போகும்ல?' என்று .28-ஐ பகியில் மாட்ட நினைக்காதீர்கள். சர்வதேச விதிப்படி 1/8 பகி பந்தயத்தில் 3.5 சி.சி-தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் இருந்தால் போட்டியில் இறங்கவே முடியாது. தவிர, பகியின் கிளட்ச்சும் டிஃபரென்ஷியலும் அந்த இழுவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஸ்பார்க் பிளக் இல்லை... பிறகு எப்படி எரிகிறது?

இதில் இருப்பது குளோ பிளக். அதன் நுனியில் பிளாட்டினம் கலந்த சுருள் கம்பி இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் 1.2 முதல் 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சூடாக்க வேண்டும். அதற்கப்புறம் எரிபொருளில் உள்ள மெத்தனால் பிளாட்டினத்தோடு வினைபுரிந்து, கரன்ட் இல்லாமலே கம்பியைத் தணலாக வைத்திருக்கும்.

எரிபொருளில் மூன்று சமாசாரங்கள் உண்டு: மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில். ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. ஏனென்றால், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளை உள்ளே தள்ளலாம், அதனால்தான் இத்தனை சக்தி. மூன்றாவதான ஆயிலில், நம் வீட்டில் விளக்கெண்ணெய் என்று சொல்கிற ஆமணக்கு எண்ணெயும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்ற இடமே கிடையாது. அதன் உயிரைக் காப்பது எரிபொருளோடு வருகிற இந்த எண்ணெய்தான்.

எத்தனை போர்ட்?

விளம்பரங்களில் `3 போர்ட், 5 போர்ட், 7 போர்ட்' என்று பார்ப்பீர்கள். சிலிண்டர் லைனருக்குள் எரிபொருள் கலவை நுழைகிற ஜன்னல்கள் இவை. பொதுவாக, போர்ட் குறைவாக இருந்தால் கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும், எரிபொருளும் மிச்சமாகும். அதிகமாக இருந்தால் மேல் வேகத்தில் பறக்கும். வழுவழு தார் டிராக்குக்கு அது சரி. மண் மேடும் திருப்பமுமாக இருக்கிற பகி டிராக்கில், வளைவிலிருந்து சட்டென்று எழும்புகிற இன்ஜின்தான் ஜெயிக்கும். புதிதாக இறங்குகிறவர்களுக்கு 3 அல்லது 5 போர்ட் உள்ள ஆஃப்-ரோடு இன்ஜினே நல்லது.

எரிபொருள் சிக்கனத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1/8 பகியின் டேங்க் அதிகபட்சம் 125 மி.லி-தான். உலக சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி ஒரு மணி நேரம் நடக்கும். ஒரு டேங்க் 8 நிமிடம் வந்தால் 7 தடவை பிட்டுக்குள் வர வேண்டும். 10 நிமிடம் வந்தால் 5 தடவை போதும். அந்த ரெண்டு தடவையில் எத்தனை பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! கார்புரேட்டரில் வைக்கிற சின்ன ரெஸ்ட்ரிக்டரை மாற்றியும் இந்தச் சிக்கனத்தைக் கொண்டுவரலாம். வண்டி சாதுவாகவும் ஓடும்.

கயிறா, ஸ்டார்ட்டர் பாக்ஸா?

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற `புல் ஸ்டார்ட்' வகை, முதல் வண்டிக்குச் செலவைக் குறைக்கும். ஆனால் எரிபொருள் உள்ளே நிறைந்து இன்ஜின் இறுகி நிற்கும்போது பலமாக இழுத்தால் கயிறு அறுந்துவிடும். பந்தய இன்ஜின்களில் கயிறு இருக்காது. பேட்டரியில் சுழலும் ஸ்டார்ட்டர் பாக்ஸ் மேல் வண்டியை வைத்தால், அடியில் உள்ள ஓட்டை வழியாக அதன் சக்கரம் ஃப்ளைவீலைச் சுழற்றும். ரேஸ்தான் குறி என்றால், பாக்ஸுக்கான பணத்தையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

பிளக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு பிளக், டர்போ பிளக் என ரெண்டு வகை. அடிப்பகுதி கூம்பாக இருந்தால் அது டர்போ. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்ட முடியாது. எது உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று பார்த்துவிட்டு இன்ஜினை முடிவு செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஏமாறாமல் இருக்க...

இந்த இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. சிலிண்டர் லைனர் மேலே போகப் போகக் குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கமாகப் பிடிக்கும். அந்தப் பிடிதான் கம்ப்ரஷன். இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். உச்சியில் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், லைனர் தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். சைலன்சர் மாட்டுகிற ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், தூசி போட்ட கீறல்களும் தெரியும்.

புது இன்ஜின் இதற்கு நேர்மாறு. சுற்றவே முடியாத அளவுக்கு இறுகியிருக்கும். `ஸ்டக் ஆயிடுச்சு போல' என்று பயந்து ஸ்பேனரால் திருகக் கூடாது. ஹேர் டிரையரில் சூடுபடுத்தினால் லைனர் விரிந்து வழிவிடும். முதல் சில டேங்க்குகளைச் சூடான இன்ஜினில், எரிபொருள் சற்றுத் தாராளமாகப் போகும்படி வைத்து நிதானமாக ஓட்ட வேண்டும். இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த ஒரு நாள்தான்.

சாரல் சீசனில் என்ன செய்ய?

தென்காசி கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம்தான். ஊட்டியைப் போல மெல்லிய காற்றால் சக்தி குறையும் கவலை இல்லை. நம் ஊர்ப் பிரச்னை ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் காற்றில் நீராவி கூடும், அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். அதனால் கார்புரேட்டர் நீடிலை ஒரு துளி இறுக்கி, எரிபொருளைக் குறைக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த, வறண்ட காலை நேரத்தில் அதே நீடிலைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு, கடிகார முள்ளின் ஒரு மணி நேர அளவுக்கு மேல் திருப்பாதீர்கள். சிலிண்டர் ஹெட் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பதும், சைலன்சரில் மெல்லிய புகைக்கோடு தெரிவதும் நல்ல அறிகுறி. புகையே இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி எரிபொருளை டேங்க்கில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த வாரம் பேரிங் துருப்பிடித்திருக்கும். ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, இன்ஜினில் மிச்சம் இருப்பதையும் எரித்துவிட்டு, ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விடுங்கள். செராமிக் பேரிங் உள்ள இன்ஜின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதிலும் உருண்டைகள்தான் செராமிக், வளையம் ஸ்டீல்தான் என்பதை மறக்க வேண்டாம். வெயில் காலச் செம்மண் தூசிக்கு, எண்ணெயில் நனைத்த ஃபோம் ஃபில்டர் கட்டாயம். ஃபில்டர் இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான் இந்த எரிபொருளிலும் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனாலே பார்வை பறிபோகும், உயிரும் போகலாம். தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்கவும் விற்கவும் 1959-ம் ஆண்டு முதல் தனி விதிகள் உள்ளன. எனவே, `கெமிக்கல் வாங்கி நாமே கலந்துக்கலாம்' என்ற யோசனையே வேண்டாம். முறையான விற்பனையாளரிடம் பில்லோடு, சீல் வைத்த கேனாக வாங்குங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், `மெத்தனால்' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல் போர் பக்கத்திலோ, மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டு ஓரத்திலோ ஓட்டாதீர்கள். அறுவடை முடிந்த சொந்த வயல், வீடுகளிலிருந்து தள்ளி, கையில் தீயணைப்பான். இவ்வளவும் இருந்தால் இறங்கலாம்.

சரி, எதைத்தான் வாங்குவது?

ஒசாகாவில் 1936-ல் தொடங்கிய ஜப்பானின் ஓ.எஸ், இத்தாலியின் பிக்கோ, ரெட்ஸ் போன்ற பெயர்கள் உலகப் பந்தயங்களில் அடிபடுபவை. பெயரைவிட முக்கியம், பிளக், பேரிங், கனெக்டிங் ராடு உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான். இறக்குமதிச் செலவையும் கணக்கில் எடுங்கள். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவிகிதமாகவும், 2023-ல் 70 சதவிகிதமாகவும் உயர்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், முதல் இன்ஜின் 3.5 சி.சி, 3 அல்லது 5 போர்ட், ஆஃப்-ரோடு வகை, நடுத்தர விலை. உச்ச விலை இன்ஜினை, நீடில் திருகக் கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். எரிபொருள் சட்டப்படி, தொடர்ச்சியாகக் கிடைக்க வழி இருக்கிறதா என்பதை இன்ஜினுக்கு முன்னாடியே உறுதி செய்யுங்கள். வழி இல்லையா? அதே 1/8 பகி பிரஷ்லெஸ் எலெக்ட்ரிக் மோட்டாரிலும் வருகிறது. வேகம் குறையாது, புகையும் சத்தமும் இருக்காது, பக்கத்து வீட்டு ஆச்சியும் சண்டைக்கு வர மாட்டார்!