சிற்றுண்டிச்சாலையில் ஒரு சத்தியாக்கிரகம்

நமது சங்கத்துக் குடும்பங்களிற் பல, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் இரயில்வேயிலும் துறைமுகத்திலும் ஊழியஞ்செய்து வாழ்ந்தவை. தென்னாட்டின் முதல் இரயில் நிலையமாகிய இராயபுரம் 1856-இல் திறக்கப்பெற்றது. ஆனால் தென்னாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் என்றிருந்த வழக்கம் 1941-இல்தான் ஒழிந்தது. காசு கொடுத்து உண்ணுமிடத்திலும் பிறப்பைக் கேட்கும் இழிவு எத்தகையதென்று நம் முன்னோர் அறிவர். அதனினும் கொடிய விலக்கை ஆதிதிராவிட மக்கள்மேல் நம்மவருஞ் சுமத்தியதுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இதே குறையை அமெரிக்க மாணாக்கர் எவ்வாறு தீர்த்தனரென்பது நாம் அறியத்தக்கது. அவர்கள் கையாண்ட முறை நம் நாட்டிற் பயின்றதாகும்.

ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பினத்து இளைஞர், போருக்குச் செல்ல மறுத்துச் சிறையிருந்தவர். 1953-இல் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியை ஊன்றிக் கற்றார். மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் வண்டிகளைப் புறக்கணித்த செய்தியை அவர் நாகபுரிப் பத்திரிகையிலேயே படித்தாராம்! 1956-இல் தாயகம் மீண்டார்.

அப்புறக்கணிப்பின் வரலாறு 1957-இல் ஒரு சித்திரக் கதையாய் வெளிவந்தது. விலை பத்து சென்ட். மார்ட்டின் லூதர் கிங்கின் கதையோடு காந்தியடிகளின் கதையும், அறப்போர் நடத்தும் முறையும் அதிற் படங்களாய் விளக்கப்பெற்றிருந்தன. பண்டிதர் நூல்கள் எட்டாத இடங்களுக்கு இச்சிறு புத்தகம் எட்டிற்று. படக்கதையென்றால் முகஞ்சுளிக்கும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணுவாராக.

நாஷ்வில் நகரில் லாசன் மாணாக்கர்க்குப் பயிற்சியளித்தார். சிலர் நாற்காலியில் அமர்வர். தோழர்களே அவர்களை ஏசுவர், தள்ளுவர், முகத்திற் புகை ஊதுவர். அமர்ந்தவர் கை ஓங்கலாகாது, சிரிக்கவுங் கூடாது. பொறுமை தானே வருவதன்று. சிலம்பம்போல் நாடோறும் பழகி வருவது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1960 பிப்ரவரியில் அம்மாணாக்கர் வெள்ளையர்க்கே உரிய சிற்றுண்டி மேடைகளில் அமைதியாய்ச் சென்றமர்ந்தனர். பிப்ரவரி 27-இல் முரடர் அவர்களைத் தாக்கினர். போலீசார் பிடித்ததோ அடித்தவரையன்று, அடிபட்டவரை! 81 பேர் கைதாயினர். அபராதங் கட்ட மறுத்துச் சிறையேகினர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை நீக்கிற்று. ஏப்ரல் 19-இல் மாணாக்கர்க்கு வாதாடிய வழக்கறிஞர் லூபியின் இல்லத்தின்மேல் வெடிகுண்டு வீசப்பெற்றது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய்பேசாது நகர மண்டபத்துக்கு நடந்தனர். ஆங்கு டயான் நாஷ் என்னும் மாணவி, நிறம்பற்றி மனிதரை வேறுபடுத்துதல் தவறன்றோ என மேயரை நேர்நின்று வினவினார். மேயர், தவறென்றே ஒப்புக்கொண்டார். மே 10-இல் மேடைகள் யாவர்க்கும் திறக்கப்பெற்றன.

அம்மாணாக்கருள் ஒருவரான ஜான் லூயிஸ் பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினராகித் தம் வரலாற்றை 2013 முதல் 2016 வரை மூன்று பாகச் சித்திர நூலாகவே வெளியிட்டார். லாசனை நீக்கிய பல்கலைக்கழகம் 2006-இல் அவரையே பேராசிரியராய் அழைத்துக்கொண்டது.