ஜூல் கணக்கும் நுரையீரலும்: ஸ்வீடனின் மூஸ் வேட்டையில் காலிபர் தேர்வு

ஸ்வீடன் காடுகளில் முதிர்ந்த மூஸ் ஆண்மான் 400 முதல் 500 கிலோ வரை எடை கொள்ளும். அதை வீழ்த்த எந்தக் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கி வேண்டும் என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு வேட்டைக் குழுக்களில் ஓய்ந்தபாடில்லை. அது வெறும் பொழுதுபோக்கு விவாதமும் அன்று. இளம் பைன் கன்றுகளை மேய்ந்தழிப்பது, சாலை விபத்துகள், ஊராரின் இறைச்சித் தேவை எனப் பல காரணங்களால் அங்கே மூஸ் வேட்டை வனமேலாண்மையின் ஓர் உறுப்பாகவே நடக்கிறது. உச்ச ஆண்டான 1982இல் சுமார் 1,74,000 மூஸ்கள் சுடப்பட்டன. இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பல்லாயிரம் விலங்குகள் எப்படிச் சாகின்றன என்பதை இந்தத் தேர்வு ஓரளவு தீர்மானிக்கிறது. அந்த ஓரளவு எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் பொருள். ஸ்வீடன் சட்டம் குண்டை நுணுக்கமாக அளக்கிறது. சுடுபவரையோ ஏறத்தாழ அளக்காமலே விட்டுவிடுகிறது என்பது என் வாதம்.

முதலில் விதி. அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு முகமையின் 2002ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, மூஸுக்கு உரிய முதல் வகுப்புத் தோட்டாவுக்கு இரண்டு வாயில்களைத் திறந்தது. குண்டின் எடை குறைந்தது 9 கிராம் என்றால் 100 மீட்டர் தொலைவில் அது 2,700 ஜூல் ஆற்றலோடு தாக்க வேண்டும். எடை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல் போதும். ஒரு கிராம் கூடினால் 700 ஜூல் தள்ளுபடி! விலங்கின் உடலியலில் இதற்கு விளக்கம் தேடினால் கிடைக்காது. விளக்கம் வரலாற்றில் இருக்கிறது.

ஸ்வீடனும் நார்வேயும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தபோது இரு படைகளுக்கும் பொதுவாக 1894இல் ஏற்கப்பட்டது 6.5×55 தோட்டா. 1905இல் ஒன்றியம் கலைந்த பிறகும் தோட்டா கலையவில்லை. படைக்கு வேண்டாத மவுசர் துப்பாக்கிகள் காட்டுக்கு வந்தன. தன்னார்வச் சுடுபயிற்சி இயக்கம் அதே தோட்டாவில் தலைமுறைகளைப் பழக்கியது. 10.1 கிராம் எடையுள்ள மொண்ணைமுனைக் குண்டு அதில் மூஸுக்கு வழக்கமானது. அது 100 மீட்டரில் விநாடிக்குச் சுமார் 690 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆற்றல் ஏறத்தாழ 2,400 ஜூல். முதல் வாயிலில் அதற்கு இடமில்லை, இரண்டாவதில் தாராளமாக நுழைகிறது. ஊரே நம்பும் தோட்டாவை விலக்கும் சட்டம் நிலைக்காது. ஆகவே இரண்டாம் வாயிலை அனுபவத்துக்குச் சட்டம் செய்த மரியாதை என்றே நான் வாசிக்கிறேன்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 கிராம் குண்டு 2,700 ஜூலை எட்ட விநாடிக்கு 775 மீட்டர் வேகம் வேண்டும். அப்போது அதன் உந்தம் விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் மீட்டர். மேற்சொன்ன 10.1 கிராம் குண்டின் உந்தமும் ஏறத்தாழ அதே 7. ஆற்றலால் 300 ஜூல் பின்தங்கிய குண்டு உந்தத்தால் சிறிதும் பின்தங்கவில்லை. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஜூல் கணக்கு எப்போதும் வேகமான இலேசான குண்டுக்கே பரிந்து பேசும். சதையையும் எலும்பையும் ஊடுருவுவதற்கோ எடையும் குறுக்குவெட்டு அடர்த்தியும் கை கொடுக்கின்றன. 6.5 மி.மீ. வகையின் 10.1 கிராம் குண்டு, தன் முகப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 0.29 கிராம் எடையைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்கப் படை 1906இல் ஏற்ற .30-06 தோட்டாவின் 11.7 கிராம் குண்டுக்கு அது 0.24. பெர்லின் துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ போக் 1905இல் வடிவமைத்த 9.3×62 தோட்டாவின் 18.5 கிராம் குண்டுக்கு 0.27. மூன்றில் மெலிந்ததே முகப்புக்கு ஏற்ற எடையில் முன்னிற்கிறது.

விலங்கு ஏன் விழுகிறது? மூளையோ தண்டுவடமோ சிதைந்தால் உடனே. மற்றபடி குருதி இழந்து மூளைக்கு ஆக்சிஜன் நின்ற பிறகே. இதயம் துளைபட்ட மூஸும் மூளையில் எஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு சில விநாடிகள் ஓடும். அமெரிக்கப் படை அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் ஜெலட்டின் கட்டிகளில் நடத்திய சோதனைகள் ஒன்றைத் தெளிவாக்கின. குண்டு கடக்கையில் நொடிப்பொழுது விரிந்து சுருங்கும் தற்காலிகக் குழிவைக் கொண்டு காயத்தை மதிப்பிடக் கூடாது. நொறுங்கி நிலைத்துவிடும் தடமே முதன்மையானது. நார்டிக் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, விலங்கின் உடல் எடை கூடக்கூட அது செயலற்றுப்போக ஆகும் நேரமும் கூடுகிறது என்று காட்டியது. சரியான இடத்தில் சுடப்பட்ட மூஸ் சில பத்து மீட்டர் ஓடினால் அதைத் துப்பாக்கியின் குற்றமாகக் கருதக் கூடாது. அது உடலின் அளவால் நேர்வது.

குண்டின் கட்டமைப்பு இங்கே காலிபரைவிடப் பெரிய விஷயம். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் உருவான விரிமுனைக் குண்டுகள் பெருங்கண்டனத்துக்கு உள்ளாகி, 1899 ஹேக் பிரகடனத்தில் விரியும் குண்டுகள் போருக்கு விலக்கப்பட்டன. ஸ்வீடனின் மூஸ் வேட்டையிலோ விரியும் குண்டு கட்டாயம். முரண் போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு முகங்கள். காயமுற்ற வீரன் பிழைக்க வேண்டும். காயமுற்ற விலங்கு காட்டுக்குள் நாள்கணக்கில் துடிக்கக் கூடாது.

பெரிய காலிபரை ஆதரிப்போர் சொல்வதில் உண்மை உண்டு. அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களில் எல்மர் கீத் தடித்த கனத்த குண்டுகளுக்காகவும் ஜாக் ஓ'கானர் மெலிந்த .270 தோட்டாவுக்காகவும் காலமெல்லாம் வாதிட்டனர். கீத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். தடித்த குண்டு அகன்ற தடம் போடும். மறுபுறம் வெளியேறினால் நிலத்தில் விழும் குருதி தேடும் நாய்க்கு வழிகாட்டும். பழுப்புக் கரடி உலவும் அலாஸ்காவில் சுடுபவரின் பாதுகாப்பும் கணக்கில் சேரும். எதிர்ப்பக்கத்தில், மெலிந்த 7 மி.மீ. குண்டுகளால் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்திய டபிள்யூ. டி. எம். பெல்லைச் சான்றாக நிறுத்துவார்கள். அந்தச் சான்றை நான் ஏற்பதில்லை. உடற்கூற்றை அவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவரின் கையை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது.

ஆனால் பெரிய காலிபருக்கு விலை உண்டு. நான்கு கிலோ துப்பாக்கியில் 9.3×62 தரும் பின்னுதைப்பின் ஆற்றல், 6.5×55 தருவதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். உதைக்கு அஞ்சும் தோள் விசையை அழுத்தும் கணத்தில் துள்ளும். நுரையீரலைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாயும். வயிற்றில் பட்ட மூஸுக்கு 4,000 ஜூலும் விரைந்த சாவைத் தராது. மேலும், உதைக்கும் துப்பாக்கியோடு யாரும் விரும்பிப் பயிற்சி செய்வதில்லை. ஆண்டுக்கு நாலைந்து தோட்டா சுட்டுவிட்டுக் காட்டுக்குப் போகும் பழக்கம் அங்கிருந்தே பிறக்கிறது.

சட்டத்தின் ஓட்டை இந்த இடத்தில்தான். ஸ்வீடனில் 1985 முதல் வேட்டைத் தேர்வு உண்டு. 80 மீட்டரில் மூஸ் உருவத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும். ஒருமுறை தேறியவரை அரசு மறுபடி சோதிப்பதில்லை. நார்வேயில் பெருவிலங்கு வேட்டையர் ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிச் சூடுகளை முடித்து, 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளைச் செலுத்தியாக வேண்டும். பின்லாந்துத் தேர்வுக்கு மூன்றாண்டே ஆயுள். தோட்டாவுக்கு ஜூல் கணக்கு வைத்த ஸ்வீடன், அதைச் செலுத்தும் கண்ணுக்கும் தோளுக்கும் வாழ்நாள் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

குண்டை அளக்கும் விதியிலும் சிக்கல் உண்டு. ஈயத்தை விட்டுச் செம்புக்கு மாறும் காலத்தில் அது கூர்மையாகிறது. ஈயக் குண்டு உடலில் துகள்களை உதிர்த்து இறைச்சியை மாசாக்கும். செம்பு பெரும்பாலும் முழுதாகவே நிற்கும். ஆனால் செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. ஆகவே அதே எடைக்குக் குண்டு நீள வேண்டும். நீண்டால் பழைய குழலின் சுழற்சி அதை நிலைப்படுத்தாது. 6.5 மி.மீ. செப்புக் குண்டுகள் பெரும்பாலும் 8 கிராமை ஒட்டியே இருக்கின்றன. எடை இழக்காமல் ஆழ ஊடுருவும் அத்தகைய குண்டை, ஈயத்தை மனத்தில் வைத்து எழுதிய எடை வரம்பு வாசலிலேயே தடுத்துவிடும்.

ஸ்வீடன் காட்டில் மூஸுக்குப் போகும் ஒருவர் 6.5×55 முதல் 9.3×62 வரை எதை எடுத்தாலும் தவறில்லை. தான் துள்ளாமல் சுடக்கூடியதை எடுக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. விதி எழுதுவோர் செய்ய வேண்டியது இரண்டு. எடை வரம்பைக் குண்டின் உலோகத்துக்கும் ஊடுருவும் ஆழத்துக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். நார்வேயைப் போல ஆண்டுதோறும் சுடுதேர்வைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கே இடமுண்டு என்றால் சுடுதேர்வே முதலில் வர வேண்டும்.