தண்ணீரே படிக்கல்

1979-இல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது ஆய்வகத்தில் என் கைக்கு வந்த முதல் கருவி ரெட்வுட் விஸ்காமீட்டர். வெள்ளி முலாம் பூசிய சின்னச் செம்புக் கிண்ணம். அதைச் சுற்றி வெந்நீர்த் தொட்டி. கிண்ணத்தின் அடியில் அகேட் கல்லில் போட்ட ஒரு துளை. துளையின் நீளம் 10 மில்லிமீட்டர், விட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு குண்டு அதை அடைத்திருக்கும். ஊசிமுனை தொடும்வரை எண்ணெயை ஊற்றி, சூடு நிலைத்ததும் குண்டைத் தூக்கிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். கீழே வைத்த குறுங்கழுத்துக் குடுவையில் 50 மில்லி நிறைய எத்தனை விநாடி ஆயிற்றோ அதுதான் விடை. ‘212 ரெட்வுட் விநாடி’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மனசு மட்டும் ஒப்பவில்லை. “சார், விநாடின்னா நேரம்தானே? எண்ணெயோட கெட்டித்தனத்தை எப்படி நேரத்துல சொல்றது?” என்று கேட்டேன். “பரீட்சைக்கு அது வராதுப்பா” என்றார் விரிவுரையாளர்.

பிறகு வடசென்னையில் மசகு எண்ணெய் கலக்கும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தேன். பரீட்சைக்கு வராத அந்தக் கேள்வி தினமும் மூன்று ஷிஃப்டிலும் வந்தது.

திரவத்தின் பிடிமானத்தை அளப்பது நமக்குப் புதிதில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் என் பாட்டி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டு வந்தால் பதம். மிட்டாய்க்கடைக்காரருக்குக் கம்பிப் பதம். தைலம் காய்ச்சும் சித்த வைத்தியருக்கு மெழுகு பதம், மணல் பதம். எல்லாம் நல்ல அளவைகள்தான். ஆனால் பாட்டியின் விரல் பாட்டியிடம்தான் இருந்தது. பக்கத்து ஊருக்கு அந்தப் பதத்தை எழுதி அனுப்ப வழியில்லை. எண்ணெய் வியாபாரம் கண்டம் தாண்டியபோது வந்த சிக்கல் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை இயந்திரங்களுக்குப் போட்டது பெரும்பாலும் தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும். இங்கிலாந்தில் ரயில்களுக்குக் கடுகின் உறவான ரேப் விதை எண்ணெய். பூமிக்கடியிலிருந்து கனிம எண்ணெய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தபோது, வாங்குகிறவர் கேட்டார்: ‘இது ரேப் எண்ணெய் மாதிரி நிற்குமா?’ 1880-களில் லண்டனின் பெட்ரோலிய நிபுணர் பாவர்டன் ரெட்வுட் தன் கிண்ணத்தைச் செய்தது இந்தச் சூழலில்தான். சுத்திகரித்த ரேப் எண்ணெய் 50 மில்லி, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அவர் கிண்ணத்தில் இறங்க 535 விநாடி. அதை 100 என்று வைத்து மற்ற எண்ணெய்களை ஒப்பிட்டார். துளைக்கு அகேட்டைத் தேர்ந்தது, உலோகத்தைப் போலச் சீக்கிரம் தேயாது என்பதால்.

அப்படியானால் அன்றைய படிக்கல் ஒரு பயிரின் எண்ணெய். பயிர் வருஷத்துக்கு வருஷம் மாறும். எண்ணெய் காற்றுப் பட்டால் தடிக்கும். இது போதாதென்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கிண்ணம் செய்துகொண்டது. ஜெர்மனியில் கார்ல் எங்லர், 200 மில்லி எண்ணெய் இறங்கும் நேரத்தை அதே அளவு தண்ணீர் 20 டிகிரி செல்சியஸில் இறங்கும் நேரத்தால் வகுத்து ‘எங்லர் டிகிரி’ என்றார். அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயிலைச் சேர்ந்த ஜார்ஜ் சேபோல்ட் 60 மில்லிக்கு விநாடி எண்ணினார். ஒரே எண்ணெய்க்கு லண்டனில் சுமார் 405 விநாடி என்றால் அமெரிக்காவில் 463 விநாடி, ஜெர்மனியில் 13 டிகிரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒற்றைப் பெருக்கல் போதாது. கிண்ணத்தின் துளை அத்தனை குட்டை. நுழையும்போதும் பீறிடும்போதும் திரவம் இழக்கும் ஆற்றலும் கணக்கில் கலந்துவிடுகிறது. மெல்லிய எண்ணெயில் இந்தக் கோளாறு அதிகம், தடித்த எண்ணெயில் குறைவு. என் ரெக்கார்டு நோட்டில் எழுதிய 212, எண்ணெயைப் பற்றிப் பாதியும் கிண்ணத்தைப் பற்றிப் பாதியும் சொன்ன எண்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தீர்வு ரெட்வுட்டுக்கு நாற்பது வருஷம் முன்பே பாரிஸில் தயாராக இருந்தது. அதைச் செய்தவருக்கு எண்ணெய் வியாபாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ழான் புவாசேய் (நாம் பள்ளியில் பாய்ஸாய் என்று படித்தவர்) 1797-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். 1815-இல் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறு வருஷமே அரசியல் காரணத்தால் கல்லூரியை மூடிவிட்டார்கள். மருத்துவத்துக்குப் போனார். மெல்லிய நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவர் கேள்வி. உடம்புக்கு வெளியே ரத்தம் உறைந்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, முடியளவு கண்ணாடிக் குழாய்களில் காற்றழுத்தத்தால் தள்ளி ஓடவிட்டார். அவருடைய குழாய்களில் மிக மெல்லியதன் உள்விட்டம் 0.015 மில்லிமீட்டர். அதே காலத்தில், 1839-இல், பித்தளைக் குழாய்களை வைத்து ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும் தனியாக இதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

புவாசேய் கண்டது இது: ஓட்டம் அழுத்தத்தைப் பொறுத்து நேராக ஏறும், குழாய் நீண்டால் குறையும், விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்து மாறும். உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். பிரெஞ்சு அகாதெமி குழு அமைத்துச் சோதனைகளைச் சரிபார்த்தது. 1846-இல் கட்டுரை முழுமையாக அச்சேறியது. திரவத்தின் கெட்டித்தனத்தைச் சொல்லும் பாகுநிலை என்ற மாறிலியை அவர் பேசவில்லை. அவருடைய விதிக்குள் அது ஒளிந்திருப்பதைப் பின்வந்தவர்கள் கணக்குப் போட்டு எடுத்தார்கள். துளை குட்டையாக இருக்கக் கூடாது, குழாய் நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அப்போது விடையில் கிண்ணம் பேசாது, திரவம் மட்டும் பேசும். 1913-இல் டீலி, பார் என்ற இருவர் அலகுக்கு அவர் பெயரைச் சுருக்கி ‘பாய்ஸ்’ என்று வைத்தார்கள். அதில் நூறில் ஒரு பங்கு சென்டிபாய்ஸ். அறைச் சூட்டில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த ‘ஏறக்குறைய’தான் அடுத்த தகராறு. காய்ச்சி வடித்தால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கும் திரவம் தண்ணீர். படிக்கல்லாக அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கல்லின் எடை சரியாகத் தெரிய வேண்டுமே. அமெரிக்கத் தர ஆணையத்தில் யூஜின் பிங்காமும் ஜாக்சனும் முன்பு கிடைத்த அளவீடுகளையெல்லாம் சலித்து, 20 டிகிரியில் 1.005 சென்டிபாய்ஸ் என்று 1918 வாக்கில் சொன்னார்கள். உலகம் அதை வைத்துப் பிழைத்தது.

1931-இல் அதே ஆணையத்தில் இந்த எண்ணைப் புதிதாக, அடியிலிருந்து அளக்கும் வேலை தொடங்கியது. ஓர் ஆய்வக ஆளாக எனக்கு இந்தக் கட்டத்தில்தான் கை நடுங்குகிறது. நான்காம் படி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? குழாயின் உள்விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால் விடையில் ஆயிரத்தில் நான்கு பங்கு தப்பும். கண்ணாடிக் குழாயோ எந்த இடத்திலும் சரியான வட்டமாக இருக்காது. முனைகளில் வரும் கோளாறை விலக்க, நீளம் மட்டும் வேறுபடும் குழாய்களில் ஓடவிட்டு வித்தியாசத்தை எடுக்க வேண்டும். சூடு நூறில் ஒரு டிகிரி நகரக் கூடாது. நடுவில் உலகப் போர் வந்து வேலை நின்றது. ஸ்விண்டெல்ஸ், கோ, காட்ஃப்ரே மூவரும் முடிவை வெளியிட்டது 1952-இல். 21 வருஷம், கிடைத்தது ஓர் எண்: 1.0019. முன்னே பின்னே 0.0003.

அடுத்த வருஷம் ஜூலை 1 முதல் 1.002 என்று முழுமைப்படுத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1.005 போய் 1.002 வந்தது. அதை ஆதாரமாகக் கொண்ட பாகுநிலை எண்களெல்லாம் ஒரே நாளில் ஆயிரத்தில் மூன்று பங்கு இறங்கின. எந்த எண்ணெயிலும் ஒரு துளிகூட மாறவில்லை.

சரி, தண்ணீரின் எண் கிடைத்துவிட்டது. இன்ஜின் ஆயிலுக்கு எப்படிப் போவது? படிப்படியாகத்தான். நீண்ட மெல்லிய குழாயுள்ள மூல விஸ்காமீட்டரில் தண்ணீரை ஓட்டி அதன் மாறிலியைக் கண்டுபிடிப்பார்கள். அதே குழாயில் தண்ணீரைவிடச் சற்றுத் தடித்த எண்ணெய் ஒன்றை ஓட்டுவார்கள். அந்த எண்ணெயை அடுத்த, கொஞ்சம் அகலமான குழாயில் ஓட்டி அதன் மாறிலியை எடுப்பார்கள். பிறகு இன்னும் தடித்த எண்ணெய், இன்னும் அகலக் குழாய். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஐயப்பாடு கூடும். அதனால் ஒரே குழாயை நம்பாமல் இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஏறுவார்கள். இப்படி மேலே வந்த எண்ணெய்தான் சான்றிதழோடு பாட்டிலில் அடைத்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும். நாங்கள் அதை ‘ஸ்டாண்டர்டு ஆயில்’ என்போம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்று ஒரு மரக்கால் வருகிறது. கோயிலுக்கு நெல் அளக்க ராஜராஜன் காலத்தில் இருந்தது. அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்டாண்டர்டு ஆயில் சான்றிதழிலும் அதே வாசகம்தான், தண்ணீரோடு ஒப்பிட்டது என்று. அளவையின் பெயரைச் சொன்னால் போதாது, அது எதோடு ஒக்கும் என்றும் சொல்ல வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே தெரிந்திருந்தது.

என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990-களில் ஒரு கார்த்திகை மாத மழை இரவு. டர்பைன் ஆயில் ஒரு பேட்ச், 46-ஆம் கிரேடு. 40 டிகிரியில் பாகுநிலை 41.4-க்கும் 50.6-க்கும் இடையே வர வேண்டும். எனக்கு 50.9 வந்தது. திரும்ப ஓட்டினேன், அதே எண். வாசலில் டேங்கர் நின்றது. டிரைவர் ஜன்னலருகே வந்து, “என்ன சார், எண்ணெயைப் படிச்சுட்டு இருக்கீங்களா?” என்றார். பேட்ச்சை நிறுத்தச் சொல்லிக் குறிப்பு எழுதப் போனேன். சீனியர் தடுத்தார்.

“ஸ்டாண்டர்டு ஆயிலை ஓட்டினியா தம்பி?”

“காலையில ஓட்டியிருப்பாங்கண்ணே.”

“நீ ஓட்டினியான்னு கேட்டேன்.”

ஓட்டினேன். அதுவும் இரண்டரை சதவீதம் ஏறிக் காட்டியது. எண்ணெய்மேல் தப்பில்லை. தொட்டியில் நின்ற வெப்பமானியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். பாதரச இழை நடுவில் அறுந்து மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. 40 காட்டியது, தொட்டியில் இருந்தது 39.5. அரை டிகிரிதான். ஆனால் தொட்டிச் சூடு 0.02 டிகிரிக்குமேல் நகரக் கூடாது என்று தரவிதி சொல்வது சும்மா இல்லை. வேறு வெப்பமானி போட்டு ஓட்டினால் 49.7. டேங்கர் விடியுமுன் கிளம்பியது. அன்று காலை ஷிஃப்டில் ஸ்டாண்டர்டு ஆயில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருந்தது, எண் இல்லை. இருபத்தொரு வருஷம் மூன்று பேர் கட்டிய சங்கிலி, எங்கள் மேஜைமேல் ஒரு காலிக் கட்டத்தில் அறுந்து கிடந்தது.

இன்று தண்ணீரின் எண் 1.0016 மில்லிபாஸ்கல் விநாடி (அதே சென்டிபாய்ஸ்தான், பெயர் வேறு). வெப்ப அளவுகோலைத் திருத்தியபின் 1998-இல் ஐ.எஸ்.ஓ. ஆவணத்தில் வந்தது. அடிப்படை அதே 1952 வேலைதான். சாலை போடும் தாரும் 2006 முதல் நம் நாட்டில் பாகுநிலையை வைத்தே தரம் பிரிக்கப்படுகிறது. வி.ஜி. 30 என்றால் 60 டிகிரியில் குறைந்தது 2,400 பாய்ஸ். 20 டிகிரித் தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.4 லட்சம் மடங்கு. அந்த லட்சத்தையும் கீழே தாங்கி நிற்பது அந்த ஒன்றுதான்.

இப்போது ஆய்வகங்களில் பொத்தானை அழுத்தினால் ஐந்து இலக்கத்தில் அச்சடித்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான், யாருக்கும் ஸ்டாப்வாட்ச் கட்டை விரல் வலிக்காது. அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேட்ச்சை ஓட்டுமுன் ஸ்டாண்டர்டு ஆயிலை நீங்களே ஓட்டுங்கள். ஓட்டுமுன் பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.