வெள்ளைக்காரன் கட்டுனது நிக்குது... சரி, கட்டுனவன் என்ன சாப்பிட்டான்?

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையாகப் படிக்கவும்)

போன வாரம் ஓபியில் ஒரு பெரியவர். எண்பதை நெருங்கும் வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். மாத்திரை எழுதி முடிச்சதும் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த பழைய மெட்ராஸ் படங்கள். சென்ட்ரல், ஹைகோர்ட், செனட் ஹவுஸ், ரிப்பன் மாளிகை.

"பாருங்க டாக்டர். வெள்ளைக்காரன் கட்டுனது இன்னும் கல்லு மாதிரி நிக்குது. நம்மாளு கட்டுனா பத்து வருஷத்துல ஒழுகுது. அவன்கிட்ட ஒரு மேனர்ஸ் இருந்துச்சு, ஒரு ஒழுங்கு இருந்துச்சு."

வரிசையில் இன்னும் நாற்பது பேர். "ஆமாங்கய்யா" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். ஆனா அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகல. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கட்டிடங்கள் எனக்கும் பிடிக்கும்.

ஆரம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே வெள்ளை வெளேர்னு ரிப்பன் மாளிகை. 1913இல் திறந்தது. உயரமான கூரை, தடித்த சுவர், காற்றோட்டம். ஒரு மருத்துவரா எனக்கு அந்தக் காற்றோட்டம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனா ரிப்பன் மாளிகையைக் கட்டிய ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார். 1892இல் திறந்த ஹைகோர்ட்டைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். வரைபடம் வெள்ளைக்காரனுடையது. கை நம்ம ஊர்க் கை. அதனால் "நம்மாளு கட்டுனா ஒழுகும்" என்பது அங்கேயே அடிபட்டுப் போகுது.

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

பெரியவர் காட்டிய படங்களில் செனட் ஹவுஸ் இருந்தது இல்லையா? சிசோல்ம் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது. 1874இல் தொடங்கி 1879இல் முடித்தார்கள். கடற்கரைச் சாலையில் போகிற யாரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷங்களை இன்னொரு தடவை பாருங்க. 1874 முதல் 1879. நடுவில் வருவது 1876–78. நம்ம பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொன்ன அதே பஞ்சம்.

மழை பொய்த்தது உண்மைதான். ஆனா அதே காலத்தில், 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் பிரமாண்ட தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று வைஸ்ராய் லிட்டன் அறிவிக்கிறார். பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை மட்டும் சுமார் 3,20,000 டன்.

பட்டினி கிடந்தவர்களுக்கு நிவாரணம் உண்டு, ஆனால் சும்மா கிடைக்காது. உடம்பில் தெம்பு இருந்தால் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும்.

செலவைக் குறைக்க லிட்டன் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கதையைக் கேளுங்க. 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து, பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் காப்பாற்றியவர் இவரேதான். அதற்குப் பாராட்டு கிடைக்கல. "அதிகமா செலவு பண்ணிட்ட" என்று திட்டுதான் கிடைத்தது. அடுத்து மெட்ராஸுக்கு வந்தபோது அந்தத் தப்பை அவர் திரும்பச் செய்யல.

நாள் முழுக்க உழைக்கும் ஒரு ஆணுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது 450 கிராம். கூட ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்குப் பேரே "டெம்பிள் கூலி".

இங்கே டாக்டரா ஒரு கணக்கு போடுறேன்.

450 கிராம் அரிசி என்றால் சுமார் 1,600 கலோரி. கடின உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு இன்று ஐசிஎம்ஆர் சொல்லும் தேவை சுமார் 3,470 கலோரி. பாதிகூட இல்லை. புரதத்துக்கும் காய்கறிக்கும் அந்த ஒரு அணாதான், அதுவும் பஞ்ச கால விலையில். ஏற்கெனவே பட்டினியால் சுருங்கிய உடம்பை இந்த உணவில் மண் வெட்டச் சொன்னால் என்ன ஆகும்? தசை கரையும், கால் வீங்கும், எதிர்ப்பு சக்தி போகும். அப்புறம் சாதாரண வயிற்றுப்போக்கே ஆளைக் கொண்டு போயிடும்.

இதை 150 வருஷம் கழிச்சு நான் சொல்றது பெரிய விஷயமில்ல. அப்பவே சொன்ன ஒரு டாக்டர் இருந்தார்.

டபிள்யூ. ஆர். கார்னிஷ். மெட்ராஸ் மாகாண சுகாதார ஆணையர். அவரும் வெள்ளைக்காரர்தான். குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லையென்றால் உழைக்கிறவர்கள் தாங்க மாட்டார்கள் என்று எழுத்து மூலம் டெம்பிளை எதிர்த்தார். வைஸ்ராய் அனுப்பிய ஆள் என்று பயப்படல.

1877 மார்ச்சில் மெட்ராஸ் அரசு பாதி இறங்கி வந்தது. 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. அதற்குள் நிறைய பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் நேரடி ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது ஒரு மதிப்பீடு.

இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் வழியாகப் போகிறது பக்கிங்காம் கால்வாய். 1806இல் தொடங்கி, துண்டு துண்டா நீட்டிக்கிட்டே வந்தது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் 1877–78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஜனங்கள். பேர் வைத்தது அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. இன்று அந்தத் துண்டின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. வெட்டிய ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது.

மருத்துவத்தில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. குணமாகி வீட்டுக்குப் போனவர்களை மட்டும் எண்ணினால் எல்லா மருந்தும் நல்ல மருந்துதான். இறந்தவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். பழைய மெட்ராஸ் படங்களில் நாம் எண்ணுவது நிற்கும் கட்டிடங்களை மட்டும். அதே காலத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் படங்களும் இருக்கு. எலும்பும் தோலுமா உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். அதை யாரும் "குட் மார்னிங்" போட்டு ஃபார்வர்ட் பண்றதில்ல.

சரி, மேனர்ஸ்? நம்ம ஜனங்களை எடைபோட்டு 450 கிராமில் நிறுத்தியவருக்கு "சர்" பட்டம் இருந்தது. எனக்கு வேண்டிய மேனர்ஸ் கார்னிஷோடது. கண்ணால் பார்த்ததைக் கணக்கா எழுதி, மேலதிகாரி முகத்துக்கு நேரா நீட்டுறது. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதில் ஏதாவது ஒண்ணை ஏக்கத்தோடு பத்திரப்படுத்தணும்னா அதைத்தான் பண்ணணும்.

நேத்து அந்தப் பெரியவர் திரும்ப வந்தார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோட. கூட்டம் குறைவு. இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் சொன்னார். "எங்க ஆயா சொல்லும் டாக்டர். அது பொறக்கறதுக்கு முன்னாடி தாது வருஷத்துல புளியங்கொட்டைய வறுத்து இடிச்சுத் தின்னாங்களாம். வீட்டுல மூணு புள்ளைங்க போச்சாம். நான் அதெல்லாம் சும்மா கதைன்னு நெனச்சேன்."

கதை இல்லைங்கய்யா என்றேன்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா தாது வருஷம் பத்தி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவங்க சொல்றதைக் கீழே எழுதுங்க. படிக்கிறேன்.